கல்லைப் பார்ப்பவர்கள் கோலைப் பார்ப்பதில்லை

அக்கா மகள் நாகர்கோவிலில் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். விசையின் திருப்புத்திறன் என்றால் என்ன என்று கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். விசையையும், சுழற்புள்ளியிலிருந்து அந்த விசை செல்லும் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தொலைவையும் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். அலகு நியூட்டன் மீட்டர். சமநிலையில் வலஞ்சுழியும் இடஞ்சுழியும் சமம். கணக்குக் கொடுத்தால் விடையும் சரியாக வரும். விடுமுறைக்குத் திருவனந்தபுரம் வந்தவள் ஒரு நாள், "அதெல்லாம் சரி மாமா, அந்தத் தொலைவு எதுக்கு? அஞ்சு கிலோ எங்க வச்சாலும் அஞ்சு கிலோதானே?" என்று கேட்டாள். பாடத்தை முழுதாகப் படித்தவளிடமிருந்துதான் அப்படி ஒரு கேள்வி வரும். புத்தகத்தில் ஏற்றப்பலகையும் பற்சக்கரமும் ஸ்டீயரிங்கும் படமாக இருக்கின்றன. சாலைத் தெருவில் தராசு இருக்கிறது. தையற்கார நாடா ஒன்றையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

கிழக்கே கோட்டையில் இறங்கி, காந்தி பூங்கா அருகே திரும்பினால் சாலை தொடங்கிவிடும். அங்கிருந்து கிள்ளிப்பாலம் வரை ஒரே கடைத்தெரு. திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏற்படுத்திய சந்தை இது. ஆலப்புழைத் துறைமுகத்தைக் கட்டி எழுப்பியவரும் அவர்தான். கடைப் பலகையில் மலையாளம், கல்லாவில் தமிழ், பேரம் பேசும்போது இரண்டும் கலந்த ஒன்று. தோவாளையிலிருந்து பூ வருகிறது, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து காய்கறி வருகிறது, கூடவே ஆட்களும் வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்டார்கள். எழுத்தாளர் ஆ. மாதவன் இந்தத் தெருவில்தான் பாத்திரக் கடை வைத்திருந்தார். இந்தத் தெருவின் மனிதர்களைத்தான் எழுதினார். 2015-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய பிறகும் அவரைப் பார்க்க வருபவர்கள் சாலைக்குத்தான் வழி கேட்டு வந்தார்கள்.

இப்போது பெரும்பாலான கடைகளில் சிவப்பு எண் ஒளிரும் மின்னணுத் தராசுதான். தொங்கும் தராசைத் தேட வேண்டியிருந்தது. கொத்துவால் தெருவில் ஒரு புளிக்கடையில் கண்டோம். உத்தரத்தில் அடித்த கொக்கியில் இரும்புக் கோல், இரண்டு பக்கமும் சங்கிலி, கறுத்துப்போன தட்டுகள். கடைக்காரர் வள்ளியூர்ப் பக்கத்து அண்ணாச்சி. அளந்து பார்க்கலாமா என்று கேட்டதும் முதலில் முகம் சுருங்கியது. தராசைச் சோதித்து முத்திரை போடும் அதிகாரிகள் என்று நினைத்திருக்க வேண்டும். பாடப் புத்தகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

அவள் ஏறி அளந்தாள். நடுவில் கோல் தொங்கும் கத்தி முனையிலிருந்து இடது ஓரத்துக் கத்தி முனை வரை 25 சென்டிமீட்டர். வலது பக்கமும் 25. "சமம்தான் மாமா" என்றாள்.

சமமில்லாவிட்டால் என்ன ஆகும் என்று அங்கேயே ஒரு பழைய பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டோம். புளி வைக்கும் பக்கத்துக் கை மட்டும் அரை சென்டிமீட்டர் நீளம், 25.5 என்று வைத்துக்கொள்வோம். மறுபக்கம் 1 கிலோ கல். 1000 கிராமை 25-ஆல் பெருக்கி 25.5-ஆல் வகுத்தால் 980 கிராம். முள் நேராக நிற்கும், கல்லும் சரியான கல்தான், ஆனால் வாங்குபவருக்குக் கிலோவுக்கு 20 கிராம் போய்விடும். வெறும் தட்டுகளும் சமமாகவே நிற்கும்படி செய்ய முடியும். குட்டைக் கைப் பக்கத்துத் தட்டைக் கொஞ்சம் கனமாக்கினால் போதும். ஆகவே, "பாத்துக்கோங்க, வெறுந்தட்டு நேரா நிக்குது" என்று ஒரு கடைக்காரர் காட்டுவது கைகள் சமம் என்பதற்கு அத்தாட்சியே அல்ல. எல்லோரும் கல்லைத்தான் தூக்கிப் பார்க்கிறோம். அடியில் ஈயம் ஊற்றிய குழியில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பவர்கள்கூட உண்டு. கோலின் நீளத்தை யாரும் பார்ப்பதில்லை. அவள் கேட்ட 'அந்தத் தொலைவு எதுக்கு' என்ற கேள்விக்கு இந்த 20 கிராம்தான் விடை.

நாடா அவ்வளவு நுணுக்கமான கருவியும் அல்ல. ஒரு மில்லிமீட்டர் தப்பினாலே கிலோவுக்கு 4 கிராம். தையற்கார நாடாவில் ஒரு மில்லிமீட்டரை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தராசையே கேட்டால் சொல்லும். ஒரு தட்டில் கல், மறு தட்டில் புளி வைத்துச் சமமாக்கிவிட்டு, இரண்டையும் அப்படியே இடம் மாற்ற வேண்டும். கைகள் சமமாக இருந்தால் மாற்றிய பிறகும் முள் நடுவில் நிற்கும். இல்லையென்றால் கையில் இருக்கும் பிழை இரண்டு மடங்காகிச் சாயும். மாற்றிப் பார்த்தோம். முள் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நடுவிலேயே வந்து நின்றது.

அண்ணாச்சிக்கு அந்த ஆட்டம்தான் முக்கியம். "மக்கா, தராசு நின்னாப் போதாது. ஆடி நிக்கணும். போட்ட ஒடனே ஜாம்னு நிக்குற தராசை நம்பப்பிடாது, பாத்துக்க" என்றார். அவர் சொன்னது முழுக்க இயற்பியல். கத்தி முனை மழுங்கியோ துருப்பிடித்தோ இருந்தால் உராய்வே கோலைப் பிடித்து நிறுத்திவிடும்; ஐந்து பத்துக் கிராம் கூடினாலும் குறைந்தாலும் அதற்குத் தெரியாது. கூர்மையான முனையில் தொங்கும் கோல் ஆடத்தான் செய்யும். ஆடினாலும் கவிழ்ந்து போகாமல் நடுவுக்குத் திரும்பக் காரணம், கோலின் ஈர்ப்பு மையம் நடுக் கத்திக்குச் சற்றுக் கீழே இருப்பது. சாய்ந்ததும் ஈர்ப்பு மையம் பக்கவாட்டில் நகர்கிறது. அதனால் உண்டாகும் திருப்புத்திறன் கோலைத் திரும்ப இழுக்கிறது. மையம் ரொம்பக் கீழே இருந்தால் தராசு சோம்பேறி. நிறையப் போட்டால்தான் சாயும். மிக அருகில் இருந்தால் ஒரு குன்றிமணிக்கும் சாயும், ஆனால் நிற்க வெகு நேரம் ஆகும். மேலே போய்விட்டால் கவிழ்ந்துவிடும். பொற்கொல்லரின் பெட்டித் தராசையும் வெங்காயத் தராசையும் பிரிப்பது சில மில்லிமீட்டர்தான். நான்கு மஞ்சாடிக் கொட்டை ஏறக்குறைய ஒரு கிராம் என்று வைத்து மலையாள நாட்டில் பொன் நிறுத்த காலத்தில், அந்த மில்லிமீட்டர்களைக் கண்ணால் பார்த்தே அராவி எடுத்த கைகள் இருந்தன.

கிளம்பும்போது அவள் ஒரு குறுக்குக் கேள்வி கேட்டாள். கை சமமில்லாத தராசு வைத்திருக்கும் ஒருவர் நியாயமாக இருக்க நினைத்து, 2 கிலோ கேட்பவருக்கு ஒரு கிலோவை இந்தத் தட்டிலும் அடுத்த கிலோவைக் கல்லை மாற்றி வைத்து அந்தத் தட்டிலும் நிறுத்தால்? நல்ல கேள்வி. ஒரு பக்கம் 980.4 கிராம், மறுபக்கம் 1020 கிராம். கூட்டினால் 2000.4. கடைக்காரருக்கு 0.4 கிராம் நஷ்டம். கைகள் எவ்வளவு சமமில்லாமல் இருந்தாலும் இந்த முறையில் நஷ்டப்படுவது எப்போதும் விற்பவர்தான். வாங்குபவர் ஒருபோதும் இல்லை. அண்ணாச்சியிடம் சொன்னேன். "அப்ப நான் மாத்தி மாத்திப் போடவே மாட்டேன்" என்றார் உடனே.

பூக்கடையில் வேறொரு சங்கதி. ஈர வாழையிலையோடு பூவை நிறுப்பார்கள். இலைக்குத் தடை கட்ட வேண்டும். மறுதட்டில் அதே கனத்துக்கு ஒரு கல்துண்டோ இன்னொரு இலையோ போடுவதுதான் தடை. இதில் தொலைவு பற்றி எதுவும் இல்லை, ஆகவே மேலே நடந்தோம்.

ஆரியசாலைப் பக்கம் பழைய பித்தளைச் சாமான் விற்கும் கடையில் தேடியது கிடைத்தது. வெள்ளிக்கோல். மலையாளத்திலும் அதற்கு அதே பெயர்தான். ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான மரத்தடி. ஒரு முனை பருத்துக் கனமாக, மறுமுனை மெலிந்து. மெலிந்த முனையில் தட்டைக் கட்டித் தொங்கவிட வேண்டும். எடைக்கல்லே கிடையாது. தடியைச் சுற்றி ஒரு கயிற்று வளையம். அதைப் பிடித்துத் தூக்கி, முன்னும் பின்னும் நகர்த்தி, தடி கிடையாக நிற்கும் இடத்தில் இருக்கும் கோட்டைப் படித்தால் எடை. தராசில் சுழற்புள்ளி அசையாது, கல் மாறும். இதில் கல் மாறாது, ஏனென்றால் தடியின் சொந்தக் கனமே கல், சுழற்புள்ளிதான் நகர்கிறது.

அவளுக்கு வியப்பாக இருந்தது கோடுகளின் இடைவெளி. சமமாக இல்லை. பருத்த முனைப் பக்கம் அகன்று, தட்டை நெருங்க நெருங்க நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. "தேய்ஞ்சு போச்சோ?" என்றாள். இல்லை. கணக்குப் போட எளிதாக ஒரு கோலைக் கற்பனை செய்தோம். கோலின் கனம் 1 கிலோ, அதன் ஈர்ப்பு மையம் தட்டு முனையிலிருந்து 60 சென்டிமீட்டரில். தட்டின் எடையை விட்டுவிடுவோம். தட்டு காலியாக இருந்தால் கயிறு 60-இல் நிற்கும். 1 கிலோ வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே கனம். கயிறு நடுவில், 30-இல். 2 கிலோவுக்கு 20. 3 கிலோவுக்கு 15. 4-க்கு 12. 5-க்கு 10. அறுபதை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வகுத்துக்கொண்டே போவதுதான். முதல் கிலோவுக்கு 30 சென்டிமீட்டர் இடம் கிடைத்தது. ஐந்தாவது கிலோவுக்குக் கிடைத்தது 2. கோடு போட்ட ஆசாரிக்கு இந்த வகுத்தல் தெரிந்திருக்கத் தேவையில்லை; தெரிந்த எடைகளை ஒவ்வொன்றாக வைத்துக் கயிறு நின்ற இடத்தில் கீறினாலே இதே வரிசை வந்துவிடும்.

இதில் ஏமாற்றுவது மிக எளிது என்பதால்தான் வெள்ளிக்கோல் கடைத்தெருவை விட்டுப் போனது என்று எனக்குத் தோன்றுகிறது. கனமான தலையில் துளைபோட்டுக் கொஞ்சம் ஈயம் ஊற்றினால் எல்லாக் கோடும் பொய். 1956-இல் எடை அளவைச் சட்டம் வந்து, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாகக் கிலோ நுழைந்தபோது பழைய எடைகளான ராத்தலும் பலமும் போயின. அதே 1956-இல், நவம்பர் 1 அன்று, கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்கள் இன்றைய தமிழ்நாட்டுக்குப் போய், சாலை கேரளத்தில் தங்கியது. எல்லை மாறிய சில வருடங்களுக்குள் இங்கே கடை வைத்திருந்தவர்களுக்குக் கல்லும் மாறிவிட்டது.

அடுத்துப் போன மளிகைக் கடையில் எனக்கே பிடித்தமான ஒரு பொருள் இருந்தது. மேசைமேல் வைக்கும் பழைய இரும்புத் தராசு. தட்டுகள் தொங்காமல் மேலே உட்கார்ந்திருக்கும். அரசாங்க விதிகளில் அதற்குக் கௌண்டர் மெஷின் என்று பெயர். பச்சை வண்ணம் பூசி, மூலையில் ஊதுபத்தி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சும்மா வைத்திருந்தார்கள். கடைக்காரப் பெண்மணியிடம், "சேச்சி, ஒண்ணு நிறுத்துப் பாக்கட்டுமா?" என்று கேட்டு இரண்டு கிலோக் கற்களை வாங்கினோம். ஒரு தட்டின் நடுவில் ஒன்று, மறு தட்டின் நடுவில் ஒன்று. சமம். பிறகு ஒரு கல்லை மட்டும் தட்டின் வெளி விளிம்புக்குத் தள்ளச் சொன்னேன். நடுவிலிருந்து நன்றாகவே தள்ளிப் போயிற்று. தொலைவு கூடிவிட்டது, திருப்புத்திறன் கூட வேண்டும், தட்டு சாய வேண்டும்.

சாயவில்லை. உள் விளிம்புக்குத் தள்ளினாள். அப்போதும் சாயவில்லை.

என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் குற்றச்சாட்டு இருந்தது. தொலைவு தொலைவு என்று காலையிலிருந்து சொல்லிவிட்டு இப்போது தொலைவு பொருட்டில்லை என்று காட்டினால் யாருக்கும் கோபம் வரும். ரோபர்வால் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1669-இல் இந்த அமைப்பைப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் காட்டியபோது அங்கிருந்தவர்களுக்கும் இதே குழப்பம் இருந்திருக்கும். வேலை முழுக்க அடியில்தான். கவிழ்த்துப் பார்த்தோம். மேலே ஒரு கோல், கீழே அதற்கு இணையாக இன்னொரு கோல், இரண்டு பக்கமும் நிமிர்ந்த கால்கள். நான்கு மூலையிலும் ஆணி. ஓர் இணைகரம். கோல்கள் எப்படிச் சாய்ந்தாலும் கால்கள் நிமிர்ந்தே நிற்கும், தட்டு கிடையாகவே ஏறி இறங்கும். ஒரு தட்டு ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் அதன்மேல் எந்த இடத்தில் கல் இருந்தாலும் அந்தக் கல்லும் சரியாக ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கும். மறுபக்கம் ஒரு சென்டிமீட்டர் ஏறும். இறங்குவதும் ஏறுவதும் சமமாக இருக்கும்போது எடையும் சமமாக இருந்தால் எந்தப் பக்கமும் ஜெயிக்காது.

அப்படியானால் கல்லைத் தள்ளி வைத்ததால் கூடிய திருப்புத்திறன் எங்கே போயிற்று? அதுவும் காணாமல் போகவில்லை. காலை மேல் ஆணி ஒரு பக்கமும் கீழ் ஆணி எதிர்ப்பக்கமும் கிடையாகத் தள்ளுகின்றன. சமமான, எதிரெதிரான இரண்டு விசை. புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் 'இரட்டை' என்று வருகிறதே, அது. அந்த இரட்டையின் சுமை கோல்கள் வழியாக நடுத் தூணுக்குப் போய், அங்கிருந்து மேசைக்கு இறங்கிவிடுகிறது. ஆணிகள் மட்டும் கூடுதலாக நெரிபடும். "அதான் இதுல ஆணி மட்டும் தேஞ்சிருக்கு" என்று அவளே கண்டுபிடித்தாள். காலையிலிருந்து நான் சொன்ன எதையும்விட அது நல்ல விளக்கம்.

வெயில் ஏறியபோது பெரிய கோடவுன்கள் இருக்கும் சந்துக்குள் போனோம். மூட்டை நிறுக்கும் பழைய பிளாட்பாரத் தராசு ஒன்று வாசலில் கிடந்தது, அதன்மேல் ஒரு பூனை படுத்திருந்தது. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் சணல் வண்டிகளை நிறுக்க வழியில்லாமல் தவித்த தாடியஸ் ஃபேர்பேங்க்ஸ் 1831-இல் காப்புரிமை வாங்கிய அமைப்பின் வாரிசு அது. அடியில் ஒரு நெம்புகோல் சுமையைப் பத்தில் ஒன்றாக்கி அடுத்த நெம்புகோலிடம் கொடுத்து, அது மறுபடி பத்தில் ஒன்றாக்கினால், 50 கிலோ மூட்டைக்கு மேலே அரைக் கிலோக் குண்டு போதும். பூனையை எழுப்ப மனமில்லை.

கைவண்டிக்காரர்கள் அந்தச் சந்தின் முனையில் நின்றிருந்தார்கள். பெரிய சக்கரம் இரண்டு, நடுவில் ஓர் அச்சு, முன்னால் நீண்ட கைப்பிடி. ஒருவர் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். நான்காவது மூட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தார். இறங்கி வந்து மேல் மூட்டையை ஒரு சாண் பின்னால் தள்ளினார். மறுபடி தூக்கிப் பார்த்தார். இந்தத் தெருவில் சுழற்புள்ளியிலிருந்து உள்ள தொலைவைத் தானே தீர்மானிக்கும் மனிதரை இப்போதுதான் முதலில் பார்த்தோம். தராசுக்காரருக்கு அது கொல்லன் பட்டறையிலேயே முடிந்துபோன காரியம்.

எண்களில் பார்த்தால், 300 கிலோச் சுமையின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு 10 சென்டிமீட்டர் முன்னால், கைப்பிடி அச்சிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி என்று கொள்வோம். கைப்பிடியில் இறங்கும் கனம் 20 கிலோ. (நியூட்டனில் எழுதவில்லை என்று ஆசிரியர் மதிப்பெண் குறைக்கலாம், ஒரு கிலோவுக்கு 9.8 என்று அவள் பெருக்கிக்கொள்வாள்.) மையம் அச்சுக்கு நேர் மேலே வந்தால் கனமே இல்லை; ஆனால் அது நல்லதல்ல. ஒரு குழியில் சக்கரம் விழுந்தாலும் கைப்பிடி மேலே பறக்கும். வண்டிக்காரரிடம் கேட்டேன். "கொறச்சு முன்னாடி கனம் வேணும் சாரே. ஏத்தத்துல ஏறும்போது தூக்கிடும்" என்றார்.

ஏற்றத்தில் ஏன் தூக்கும் என்பது பாடப்புத்தகத்தில் வராத பகுதி. சுமை அச்சுக்கு மேலே உயரத்தில் இருக்கிறது. மையம் 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து, ஏற்றம் 6 டிகிரி என்றால், மையம் பின்னால் 6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். முன்னால் இருந்த 10 இப்போது 4. கைப்பிடியில் 20 கிலோ இருந்தது 8 ஆகிவிடும். இறக்கத்திலோ 16 சென்டிமீட்டர், 32 கிலோ. கனமானதை அடியிலும் லேசானதை மேலேயும் அடுக்குவது இதற்காகத்தான். மூட்டை உருண்டு விழாமல் இருக்க மட்டும் அல்ல.

நீலச் சட்டை போட்ட சுமட்டுத் தொழிலாளிகள் லாரியிலிருந்து நேராகத் தலைக்கு மூட்டை வாங்கினார்கள். 1978-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவர்கள். கேரளத்தில் இந்தத் தொழிலுக்கென்றே தனிச் சட்டம். தலையில் சும்மாடு, அதன்மேல் 50 கிலோ, அதன் கீழே அசையாத கழுத்து. நடக்கும்போது இடுப்புக்குக் கீழேதான் எல்லா அசைவும். அவர்கள் செய்வது தொலைவைச் சுழியாக்குவது. மூட்டையின் மையம் முதுகெலும்புக்கு நேர் மேலே இருந்தால் கழுத்துத் தசைக்கு வேலையே இல்லை; எலும்பு தாங்கிக்கொள்ளும். 5 சென்டிமீட்டர் முன்னால் போனால்? பின்கழுத்துத் தசையும் எலும்பிலிருந்து ஏறக்குறைய அவ்வளவு தள்ளித்தான் இருக்கிறது என்று கொண்டால், தசை இன்னொரு 50 கிலோவுக்கு இழுக்க வேண்டும். கழுத்தெலும்பில் இறங்குவது 100. சும்மாட்டைத் தலையில் அங்குமிங்கும் நகர்த்திச் சரிபார்ப்பது இந்த 5 சென்டிமீட்டருக்காக. கென்யாவில் தலையால் சுமை தாங்கும் லுவோ, கிக்குயு பெண்களை ஆராய்ந்தவர்கள் 1986-இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள்: தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை அந்தப் பெண்கள் கூடுதல் ஆற்றலே செலவழிக்காமல் தூக்கி நடக்கிறார்கள். சாலையில் தூக்கும் கனம் அதைவிட அதிகம், அந்தச் சலுகை இங்கே கிடைக்காது.

நோக்குகூலி பற்றியும் அவள் கேட்டாள். மலையாளப் பத்திரிகைச் செய்திகளில் பார்த்திருக்கிறாள். இயந்திரமோ வேறு ஆளோ சரக்கு இறக்கும்போது பார்த்து நிற்பதற்குச் சுமட்டுத் தொழிலாளிகள் கேட்கும் கூலி. 2018 மே 1 முதல் அரசு அதை ஒழித்ததாக அறிவித்தது. விசையும் சுழி, தொலைவும் சுழி என்று சொல்லி நழுவிவிட்டேன். வேலை பறிபோகும் பயத்துக்கு இந்தப் பாடத்தில் அலகு இல்லை.

வெற்றிலைக் கடையில் பாக்குவெட்டி வாங்கினோம், வீட்டில் கேட்டிருந்தார்கள். கீலிலிருந்து 3 சென்டிமீட்டரில் பாக்கு, 15-இல் கை. விசை ஐந்து மடங்கு. இதில் விளக்க ஒன்றும் இல்லை. அவளே சொல்லிவிட்டாள்.

கடைசியாக, மின்னணுத் தராசு பழுது பார்க்கும் ஒரு சின்னக் கடை. மேசையில் நாலைந்து தராசுகள் வயிறு திறந்து கிடந்தன. இங்கே தொலைவு, சுழற்புள்ளி எதுவும் இருக்காது, எல்லாம் சர்க்யூட் என்றுதான் அவள் நினைத்தாள். மெக்கானிக் ஒரு தட்டைக் கழற்றிக் காட்டினார். அடியில் விரல் நீள அலுமினியக் கட்டை ஒன்று. ஒரு முனை அடித்தட்டில் திருகியிருந்தது, மறுமுனை மேல்தட்டைத் தாங்கியது. நடுவில் பக்கவாட்டில் இரண்டு துளை, ஒன்றோடொன்று சேர்ந்து டம்பெல் வடிவில். துளைகளுக்கு மேலும் கீழும் வெள்ளைப் பசைக்கு அடியில் மெல்லிய உலோக இழைகள். "லோடு செல். இது போச்சுன்னா தராசே போச்சு" என்றார்.

தட்டில் சுமை வைத்தால் இந்தக் கட்டை வளைகிறது, கண்ணுக்குத் தெரியாத அளவு. வளையும்போது சில இழை நீளும், சில சுருங்கும். நீண்ட இழையில் மின்தடை கூடும், சுருங்கியதில் குறையும். அந்த வித்தியாசத்தைத்தான் சிவப்பு எண்ணாகக் காட்டுகிறது. அமெரிக்காவில் சிமன்ஸும் ரூஜும் 1938-இல் தனித்தனியாகக் கண்டுபிடித்த அமைப்பின் வாரிசு அது. அந்த வளைவை உண்டாக்குவது விசையும் தொலைவும் பெருக்கிய அதே திருப்புத்திறன்தான். ஒரு முனையில் பிடித்துக்கொண்டு மறுமுனையில் சுமை வைத்தால் வேறென்ன நடக்கும்?

இரட்டைத் துளையின் வேலையைக் கவனித்தபோது நான் காலையில் கவிழ்த்துப் பார்த்த பச்சைத் தராசு நினைவுக்கு வந்தது. துளை போட்டதும் கட்டையில் மேலே ஒரு மெல்லிய பட்டை, கீழே ஒரு மெல்லிய பட்டை, இரண்டு முனையிலும் தடித்த நிமிர்ந்த பகுதி. நான்கு மூலையிலும் ஆணிக்குப் பதில் மெலிந்து வளையும் உலோகம். ரோபர்வாலின் இணைகரமேதான்; ஆணி இல்லாததால் தேய்மானம் இல்லை. அதனால்தான் தட்டின் எந்த மூலையில் வெங்காயத்தை வைத்தாலும் இந்தத் தராசு ஒரே எடை காட்ட வேண்டும். காட்டுகிறதா என்று சோதிக்க லீகல் மெட்ராலஜி ஆய்வாளர் முழுத் திறனில் மூன்றில் ஒரு பங்கு எடையை நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார். மின்னணுத் தராசுக்கு இந்த முத்திரை வருடத்துக்கு ஒரு முறை. தொங்கும் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை.

மெக்கானிக்கின் மேசையில் 30 கிலோத் தராசு ஒன்று சரிபார்ப்புக்கு நின்றது. அவளையே வைத்துப் பார்க்கச் சொன்னார். பத்துக் கிலோக் கல்லை நடுவில் வைத்தாள்: 10.000. முன் இடது மூலை: 10.000. முன் வலது: 10.000. பின் இடது: 10.005. பின் வலது மூலையில் வைத்தபோது 10.010 காட்டியது. அவர் கல்லை இறக்கச் சொன்னார். தட்டைக் கழற்றி, அரம் ஒன்றை எடுத்து, கட்டையின் பின்பக்கத்து மெல்லிய பட்டையில் இரண்டு இழுப்பு இழுத்தார். "இனி வை மோளே" என்றார். 10.005. இன்னொரு இழுப்பு.